வாசிப்புக்கு இருபது மதிப்பெண்

அந்தப் பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவர்கள் நான்கே பேர். ஆனால் புதன்கிழமை மாலை அவர்கள் நூலக அறையில் கூடினால், நாற்பது பேர் சண்டை போடுவதுபோல் வெளியே கேட்கும். சண்டையை நடத்துவது இரண்டு பேர்தான். மற்ற இருவரும் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சண்டை போடுகிறவர்களில் ஒருத்தி சின்ன டீச்சர். வேலையில் சேர்ந்தபோது அங்கே ஒரு பெரிய டீச்சர் இருந்ததால் வந்த பெயர். பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருஷமாகியும் சின்னது சின்னதாகவே நின்றுவிட்டது. இன்னொருவர் காற்புள்ளி சார். இருபத்தாறு வருஷமாகச் சிவப்பு மையால் விடைத்தாள்களில் காற்புள்ளி போட்டுக்கொண்டிருப்பவர். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கல்யாணப் பத்திரிகையையும் திருத்திக் கொடுப்பார் என்று பேச்சு.

அந்த வருஷம் அவர்களுக்குச் சண்டை போட நல்ல காரணம் கிடைத்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு மொழிப்பாடத்தின் நூறு மதிப்பெண்ணைப் பேசுதல், வாசித்தல், எழுதுதல் மூன்றுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதை அந்தந்தப் பள்ளியே முடிவு செய்து எழுதி அனுப்பலாம் என்று கல்வி வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது.

பேச்சுக்கு ஐம்பதாவது வேண்டும் என்றாள் சின்ன டீச்சர். கல்லூரியில் முதல் வாய்மொழித் தேர்வில் எல்லாப் பதிலும் நெஞ்சுக்குள் இருந்தும் வாய் திறக்காமல் நின்றவள் அவள். அந்த அறையின் மின்விசிறிச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. "ஆஸ்பத்திரியில போய் எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியணும் சார். வேலைக்குப் போற இடத்துல சம்பளம் பத்தலைன்னு சொல்லத் தெரியணும். கட்டுரை எழுதியா காட்டுவாங்க?"

"பேச்சு காத்தோட போயிடும், டீச்சர்," என்பார் காற்புள்ளி சார். "எழுதிப் பார்த்தாத்தான் நாம என்ன நினைக்கிறோம்னு நமக்கே தெரியும். எழுத்துக்கு அறுபது. ஒண்ணும் குறையக் கூடாது."

வாசிப்புக்காக யாரும் சண்டை போடவில்லை. அது பிள்ளைகளுக்குக் கைகால் மாதிரி ஏற்கெனவே இருக்கிற ஒன்று என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மிச்சம் எது விழுகிறதோ அதை வாசிப்புக்குக் கொடுத்துவிடலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

சின்ன டீச்சரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு பெண். வகுப்பில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக், பாதி மாதம் வெளியூரில். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஏழாம் வகுப்பில் ஒரு தங்கை. ரேடியோ எழுந்து நின்று பேசினால் கடைசி பெஞ்சும் பேனாவைக் கீழே வைத்துவிடும். ஒரு முறை, உடைந்த தண்ணீர்க் குழாயைப் பற்றி அவள் ஐந்து நிமிஷம் பேசியதைக் கேட்டுத் தலைமை ஆசிரியை அன்று மதியமே குழாய்க்காரரை வரவழைத்தார். எழுத்துத் தேர்வில் மட்டும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் ஆவாள். 'பேசத் தெரிந்த பிள்ளையை எழுத்து எப்படி அமுக்குகிறது பாருங்கள்' என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

அவள் பேசுவதை வீடியோ எடுத்து அடுத்த கூட்டத்தில் காட்டலாம் என்று சின்ன டீச்சர் முடிவு செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் ஜன்னல் வெளிச்சம் பார்த்து ரேடியோவை நிறுத்தினாள். கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். ஊருக்குத் தண்ணீர் வரும் ஏரியைப் பற்றி ஒரு பத்தி.

"இதை மனசுக்குள்ள ஒரு தடவை வாசிச்சுக்கோ. அப்புறம் அதைப் பத்தி உன் இஷ்டத்துக்குப் பேசு."

ரேடியோ தாளைத் தூக்கிப் பிடித்தாள். கண் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பாதியில் கண்ணைக் கசக்கினாள். "கண்ணு எரியுது டீச்சர். நீங்க ஒரு தடவை வாசிங்களேன், நான் கேட்டுட்டுப் பேசிடறேன்."

டீச்சரிடம் இன்னொரு பிரதி இருந்தது. வாசித்தாள். ரேடியோ பேசினாள். அந்த ஏரியில் இறங்கிக் குளித்துவிட்டு வந்தவள்போல் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் கணினியில் போட்டு, தேவையில்லாத இடங்களை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் சின்ன டீச்சர் அதைக் கவனித்தாள். பள்ளியில் காகிதத்தை வீணாக்குவதில்லை. ஒரு பக்கம் அச்சடித்து மிஞ்சிய தாளின் மறுபக்கத்தில்தான் அந்தப் பத்தியை அவள் அச்செடுத்திருந்தாள். படத்தில் ரேடியோ பிடித்திருந்த தாளில் ஏரிப் பத்தி கேமராவைப் பார்த்து இருந்தது. அவள் வரி வரியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் இருந்தது போன வருஷத்துப் பஸ் கட்டண அறிவிப்பு.

சின்ன டீச்சர் அதை நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பதற்றத்தில் தாளைத் திருப்பிப் பிடித்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். அப்படியானால் அவ்வளவு நிதானமாகக் கண்ணை ஏன் ஓட்டினாள் என்பதற்குப் பதில் இல்லை. காபி ஆறிப்போயிற்று.

திங்கள்கிழமை இடைவேளையில் ரேடியோவைத் தனியே கூப்பிட்டு, புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினாள். "இதை வாசி."

ரேடியோ முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பிறகு தலைவலி என்றாள். டீச்சர் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். கடைசியில் அந்தப் பெண்ணின் முகம் வேறு யாருடைய முகமாகவோ மாறியது.

"எழுத்து தெரியும் டீச்சர். ஒண்ணொண்ணாக் காட்டினா சொல்லிடுவேன். எல்லாம் சேர்ந்து நின்னா என்னன்னு தெரியலை."

"பரீட்சை எப்படி எழுதுறே?"

"தங்கச்சி நோட்ஸை வாசிப்பா. ஒரு தடவை கேட்டாப் போதும், எனக்கு மறக்காது. பதிலை வரைஞ்சு வரைஞ்சு பழகிடுவேன். கேள்வியில முதல் எழுத்தைப் பார்ப்பேன், எவ்வளவு நீளம்னு பார்ப்பேன். இதுக்கு இந்தப் பதில்னு எழுதிடுவேன்." பிறகு, "பாதிக்கு மேல சரியா வரும்," என்றாள். அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஒன்பது வருஷம். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை விடைத்தாள். சின்ன டீச்சர் மட்டுமே இரண்டு வருஷமாக அவளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். என்னைப் பார்த்துச் சிரிச்சா நான் வரமாட்டேன். நிஜமா வரமாட்டேன்."

"சொல்லமாட்டேன்," என்றாள் சின்ன டீச்சர். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் ஆய்வகத்துப் பக்கத்து அறை. முதல் வகுப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, யாராவது வந்தால் தெரியாமலிருக்க உலக வரைபடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்வாள் ரேடியோ. சேர்த்துச் சொல் என்றால், அடுத்த சொல்லுக்கு வரைந்திருந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "பட்டம்" என்பாள். ஓவியத்தைக் கையால் மறைத்தால் வாய் மூடிக்கொள்ளும். நேற்று வந்த சொல் இன்று வராது. கொம்பு முன்னால் நிற்கும் எழுத்து வந்தால், எதை முதலில் சொல்வது என்று திணறிப் போவாள். சின்ன டீச்சர் இன்னொரு தடவை என்பாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்டப்படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். இலக்கணம் தெரியும், உரையாடல் பயிற்சி தெரியும், குழு விவாதம் நடத்தத் தெரியும். பதினாலு வயதுப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பதினோராவது நாள் வெட்கத்தை விட்டுக் காற்புள்ளி சாரிடம் போனாள். பெயர் சொல்லாமல் கேட்டாள். அவர் சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"ரேடியோதானே?"

அவள் அவர் மேசையிலிருந்த விடைத்தாள் கட்டை நேராக அடுக்கினாள்.

"போன வருஷமே எனக்குச் சந்தேகம். அவ விடைத்தாள்ல ஒரே ஒரு தப்புகூட இருக்காது, ஆனா கேள்வி ஒண்ணா இருக்கும், பதில் வேற ஒண்ணா இருக்கும். குறும்புன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றதுகூடப் பொய். நினைக்கறது வசதியா இருந்துச்சு."

"எப்படி சார் சொல்லிக்கொடுக்கறது?"

"எனக்குத் தெரியாது டீச்சர். எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு நல்லா எழுதச் சொல்லிக்கொடுப்பேன். அவ்வளவுதான் என் சரக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து பக்கத்துக் கட்டடத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போனார்கள். முதல் வகுப்பு டீச்சர் மடியில் அழுகிற பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டே கேட்டார். வெறும் பழக்கக் குறைவாக இருந்தால் தானே பார்த்துக்கொள்வாராம். இது வேறு மாதிரி இருக்கிறது, அதற்கென்று படித்த சிறப்பாசிரியர் பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சிறப்பாசிரியருக்குப் பத்துப் பள்ளிகள். காத்திருப்போர் பட்டியலில் எட்டு மாதம். அதில் பெயர் சேர்க்கவே பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பெற்ற தாயிடம் சொல்வது வாக்கை மீறியதாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சின்ன டீச்சர் சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றாள். ரேடியோவின் அம்மா வெந்நீரில் ஊறிச் சுருங்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். படிவத்தைப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள்.

"பேச்சுப் போட்டியில மூணு கோப்பை வாங்கியிருக்கா டீச்சர். அவளுக்கா வாசிக்கத் தெரியாது? ஏதோ கோபத்துல வாசிக்கமாட்டேன்னிருப்பா. பிடிவாதக்காரி. இதுல கையெழுத்துப் போட்டா, மூளை சரியில்லாத பிள்ளைன்னு பேர் வந்துடும். நாளைக்கு அவ வாழ்க்கைக்கு யார் பதில் சொல்றது?" படிவத்தை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்துவிட்டாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை தலைமை ஆசிரியையே கூட்டத்துக்கு வந்தார். கெட்ட மனுஷி இல்லை. நானூறு பிள்ளைகள், பதினேழு ஆசிரியர்கள், ஒழுகுகிற இரண்டு கூரைகள் என்று எல்லாவற்றையும் தலையில் சுமப்பவர். "அந்த வீடியோவை எல்லாரும் பார்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது. வாரியத்துக்கும் அனுப்பலாம்னு இருக்கேன்," என்றார். கூட்டத்துக்கு முன்பே, விஷயம் தெரியாத காலத்தில், சின்ன டீச்சர்தான் பெருமையாக அதை அவர் போனுக்கு முன்னோட்டமாக அனுப்பியிருந்தாள்.

"வேண்டாம் மேடம்," என்றாள் சின்ன டீச்சர்.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல முடியாது. "அதை விடுங்க மேடம். எனக்கு வேற ஒண்ணு கேட்கணும். வாசிக்க வராத பிள்ளைங்களுக்கு வாரத்துல ரெண்டு பீரியட் தனியா வேணும். பேச்சுக்கு நான் கேட்டதுல பத்துக் குறைச்சுக்கறேன்."

"என் அறுபதுல இருபது குறைச்சுக்கறேன்," என்றார் காற்புள்ளி சார்.

மற்ற இரண்டு ஆசிரியர்களும் முழித்தார்கள். இந்த இருவரும் ஒரே பக்கம் நின்று யாரும் பார்த்ததில்லை, எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை.

"ஒன்பதாம் வகுப்புல வாசிக்க வராத பிள்ளைங்களா? எத்தனை பேர்?" என்றார் தலைமை ஆசிரியை.

"சரியாத் தெரியலை, மேடம்."

"ஒரு பேர் சொல்லுங்க."

சின்ன டீச்சர் மேசையில் யாரோ காம்பஸால் கீறியிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இரண்டு பீரியட் கிடைக்கும். கொடுத்த வாக்குப் போய்விடும். காற்புள்ளி சார் சிவப்புப் பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

"பேரே இல்லாம நான் எப்படிக் கால அட்டவணையை மாத்தறது? யாரோட பீரியடைப் பிடுங்கறது?" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் எரிச்சல் இல்லை. யோசித்தார். "சரி, ஒண்ணு செய்யலாம். வாசிப்புக்கு இருபது மதிப்பெண். ஆனா அதைச் சத்தமா வாசிக்கிற தேர்வா வெச்சுடுவோம். திங்கள்கிழமை நானே வந்து உட்கார்றேன். யாருக்கு வரலைன்னு கண்ணாலேயே தெரிஞ்சுடும். பட்டியல் கிடைச்சுடும். அப்புறம் பீரியட் தர்றேன்."

நியாயமான பேச்சு. மறுக்க ஒரு வழியும் இல்லை. பேச்சு நாற்பது, வாசிப்பு இருபது, எழுத்து நாற்பது என்று எழுதிக் கையெழுத்தானது.

வெள்ளிக்கிழமை சின்ன டீச்சர் ரேடியோவிடம், "திங்கள்கிழமை லீவு போட்டுடு," என்றாள்.

"எல்லாத் திங்கள்கிழமையும் போட முடியுமா டீச்சர்?" என்றாள் ரேடியோ. பிறகு மெல்ல, "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. தங்கச்சி வாசிச்சுக் காட்டிடுவா," என்றாள்.

சின்ன டீச்சர் அன்றுவரை தேர்வு விஷயத்தில் ஒரு பிள்ளைக்கும் சலுகை காட்டியதில்லை. அறுபத்திரண்டு என்று சொல்லிவிட்டாள்.

திங்கள்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசை எண்படி எழுந்து அறுபத்திரண்டாம் பக்கத்தை வாசித்தார்கள். சிலர் சரளமாக, சிலர் தடுக்கித் தடுக்கி. எட்டாவது பிள்ளை வாசித்து முடித்ததும் தலைமை ஆசிரியை, "இதையே கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடமாயிருக்கும், டீச்சர். பக்கத்தை மாத்துங்க. எண்பத்தொண்ணு," என்றார்.

ஒன்பதாவது எண் ரேடியோ.

சின்ன டீச்சர் அடுத்த எண்ணைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ரேடியோ எழுந்துவிட்டாள். எண்பத்தொன்றைத் திருப்பினாள். எண்கள் அவளுக்குத் தெரியும். பக்கத்தின் மூலையில் கடலும் ஒரு கலங்கரை விளக்கமும் சின்னதாக வரைந்திருந்தார்கள். அதை ஒரு தடவை பார்த்தாள். புத்தகத்தை நெஞ்சளவுக்குத் தூக்கி, நல்ல தெளிவான குரலில் ஆரம்பித்தாள்.

"கடலுக்குப் பக்கத்தில் ஒரு உயரமான வீடு இருந்தது. அதில் ஒருவர் தனியாக இருந்தார். எல்லாரும் தூங்கும்போது அவர் விழித்திருக்க வேண்டும், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கப்பலில் வருகிறவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்..."

புத்தகத்தில் இருந்தது கலங்கரை விளக்கங்கள் கட்டும் முறை. எத்தனை அடி உயரம், எந்த வகைக் கண்ணாடி. வரியில் விரல் வைத்துத் தொடர்ந்த பிள்ளைகளின் விரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அடுத்தவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு புரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சின்ன டீச்சருக்கு இருந்தது. ரேடியோ விடாமல் வாசித்தாள். சரியான இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, இல்லாத வரியின் முடிவுக்குப் போய், இல்லாத அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுவந்து வாசித்தாள். அந்த மனிதருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது என்கிற இடத்தில் அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"எந்தப் பக்கம் வாசிக்கிறேம்மா?" என்றார் தலைமை ஆசிரியை, மெதுவாக.

"எண்பத்தொண்ணு, மேடம்."

நோட்டில் எழுத எடுத்த பேனாவை அவர் அப்படியே பிடித்திருந்தார். "உட்காரு," என்றார்.

மணி அடித்ததும் வராந்தாவில் சின்ன டீச்சரை நிறுத்தினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீங்க."

"வாக்குக் கொடுத்திருந்தேன், மேடம்."

"சரி. பீரியட் தர்றேன், அடுத்த பருவத்துல. ஆனா யார் எடுப்பாங்க?"

தலைமை ஆசிரியை பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கூரைக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார்.

ரேடியோ மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. சின்ன டீச்சர் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி, இரும்புக் கதவு. அம்மா கதவைப் பாதி திறந்து, உள்ளே கூப்பிடாமல் பேசினாள். பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று, அங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள்.

"எந்தப் பள்ளின்னு சொல்லுங்கம்மா. அங்க இருக்கிற டீச்சருக்கு நான் ஒரு கடிதம் எழுதறேன். அவங்களாவது..."

"அங்கேயும் போய்ச் சொல்லணுமா டீச்சர்?" என்றாள் அம்மா. திட்டவில்லை, கெஞ்சினாள். "அவ அங்க யார்கிட்டயும் பேசறதே இல்லை. நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அது தெரியுமா உங்களுக்கு?"



மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தங்கை வந்தாள், அடுத்த வாரம். அலுவலக எழுத்தர் சான்றிதழை நிரப்பி, வகுப்பாசிரியர் குறிப்புக்காகச் சின்ன டீச்சரிடம் அனுப்பினார். மொழித்திறன் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பேசுதல் என்ற இடத்தில் 'மிக நன்று' என்று உடனே எழுதினாள். எழுதுதல், 'சுமார்'. நடுக்கட்டத்தில் பேனா நின்றது.

உண்மையை எழுதினால், புதுப் பள்ளியில் முதல் நாளே அவளை யாராவது எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். 'நன்று' என்று எழுதினால், பத்தாம் வகுப்பும் அப்படியே போய்விடும், அதன் பிறகு கேட்க ஆளே இல்லை. காற்புள்ளி சார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார், போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் 'நன்று'ன்னுதான் போடுவாங்க டீச்சர்," என்றார் எழுத்தர் கதவருகே நின்று. "சாப்பாட்டு நேரமாச்சு."

தங்கை மேசை ஓரத்தில் கைகட்டி நின்றாள். அக்காவைவிட ஒல்லி, அக்காவுக்கு நேர்மாறாகக் கேட்டால் மட்டுமே பேசுகிறவள்.

சின்ன டீச்சர் எழுதினாள்: 'வாசிக்கத் தெரியாது. பொறுமையாகத் தனியே கற்றுத்தர வேண்டும்.' கட்டத்துக்குள் இடம் போதாமல் இரண்டாவது வரி கோட்டின் மேலேயே ஏறியது.

தங்கை சான்றிதழைக் கையில் வாங்கி, உதடு அசையாமல் முழுக்க வாசித்தாள். நடுக்கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு அக்கா என்னை வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கா."

"ம்."

"அப்படியே வாசிக்கணுமா?"

சின்ன டீச்சர் வாயைத் திறந்தாள். எழுத்தர் கையிலிருந்த சாவிக்கொத்தை ஆட்டினார். பதில் வராது என்று தெரிந்ததும் அந்தப் பெண் தாளை இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.